இரண்டு நாளில் இஸ்தன்பூல்

 

இப்போது உம்ராவுக்குச் செல்லும் நம் குடும்பங்களில் சில, திரும்பும் வழியில் துருக்கியின் இஸ்தன்பூல் நகரில் ஓரிரு நாட்கள் தங்கி வருகின்றன. நாங்களும் அப்படித் தங்கினோம். நான், என் மனைவி, எழுபது வயதைத் தாண்டிய என் உம்மா. கையிலிருந்தது இரண்டு இரவுகளும் இரண்டு பகல்களும் மட்டுமே. அதில் ஒரு பகலை நான் வீணாக்கினேன். நீங்களும் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இஸ்தன்பூல் இன்று துருக்கியின் தலைநகரல்ல. 1923ஆம் ஆண்டு முதல் அங்காராவே தலைநகர். ஆனால் கி.பி. 330 முதல் ரோமப் பேரரசுக்கும், 1453இல் சுல்தான் முஹம்மத் அல்பாத்திஹ் தமது இருபத்தோராவது வயதில் அதனை வெற்றிகொண்ட பின்னர் உஸ்மானியப் பேரரசுக்கும் அது தலைநகராக விளங்கியது. நமக்கும் அந்நகருக்கும் ஒரு தொடர்பு உண்டு. துருக்கித் தொப்பி அணிந்து நீதிமன்றத்தில் தோன்றும் உரிமைக்காக 1905இல் கொழும்பில் நம் முன்னோர் திரண்டெழுந்தார்கள். அதே தொப்பியைத் துருக்கி 1925இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. சரித்திரத்தின் விந்தையைப் பார்த்தீர்களா!

முதல் நாளில் நடந்தது

மத்ரஸாவில் பல வருடங்களாக உஸ்மானியர் வரலாற்றைக் கற்பித்தவன் நான். பார்க்கவேண்டிய பதினான்கு இடங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். காலையில் தோப்காபி அரண்மனை. 1517இல் எகிப்து உஸ்மானியர் வசமான பின்னர் அங்கு கொண்டுவரப்பட்ட புனிதச் சின்னங்களும், நபி (ஸல்) அவர்களுடையதாகப் போற்றப்படும் போர்வையும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அந்த அறையில் குர்ஆன் ஓதும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். உம்மா அங்கே சற்று நின்று கேட்க விரும்பினார். நானோ, "நேரம் போகுது உம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றேன்.

அடுத்து அயா சோபியா. 537இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் நூதனசாலையாக மாற்றப்பட்டு, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஆறு மினாராக்கள் கொண்ட சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல். பின்னர் மூடிய பெரிய சந்தை. அதன் பின்னர் மேட்டின் மீதுள்ள ஸுலைமானிய்யா. அந்த ஏற்றத்தில் பாதி வழியில் உம்மா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மகன், நான் திரும்ப இந்த ஊருக்கு வரப்போறதில்ல. நீங்க பதினாலு இடம் காட்டினாலும் எனக்கு ஒண்டும் மனசில நிக்காது. அபூ ஐயூப் நாயகம் அடங்கிய இடத்த மட்டும் காட்டினாப் போதும் எண்டு மதீனாவில வெச்சே சொன்னேனே!"

ஆம், சொல்லியிருந்தார். நான் அதைத் தாளில் பதினான்காவதாக எழுதியிருந்தேன். அன்றிரவு அவருக்குக் கால்கள் வீங்கிவிட்டன. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவாறே என் மனைவி சொன்னாள்: "நீங்க பார்த்தது உங்கட புத்தகத்த. நாங்க பார்த்தது உங்கட முதுக." அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. தாளைக் கிழித்தேன். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க, நான் வாறேன்" என்றேன்.

இரண்டாம் நாள்

காலையிலேயே, பொற்கொம்பு எனப்படும் கடற்கழியின் மேற்கோடியிலுள்ள ஐயூப் பகுதிக்குப் போனோம். நபியவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது தமது வீட்டில் தங்கவைத்து உபசரித்த அபூ ஐயூப் அல்அன்ஸாரி (ரழி) அவர்கள், முஆவியா (ரழி) அவர்களின் காலத்தில் முதிய வயதில் இந்நகர் நோக்கிப் புறப்பட்ட படையில் சேர்ந்து வந்து இங்கேயே வபாத்தானார்கள். சில நாட்களுக்கு முன்னர்தான் நாங்கள் மதீனாவில் இருந்தோம். அந்த மண்ணில் விருந்தளித்தவர், இத்தனை தூரத்தில், அந்நிய மண்ணில் விருந்தாளியாக உறங்குகிறார்! உம்மா ஸலாம் சொல்லி, துஆச் செய்து, முற்றத்தில் ஒரு மணிநேரம் அமைதியாக உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பின்னர் கடற்கரையோரமுள்ள எமினோனு. இங்கு நிலம் பெரும்பாலும் சமதரை, முதியவர்களுக்கு வசதி. இங்குள்ள யெனி ஜாமிஃ, அதாவது புதிய பள்ளிவாசல், பெண்களின் கைங்கரியம் என்பதை நம் சகோதரிகள் அறியவேண்டும். 1597இல் ஸபிய்யா சுல்தான் தொடங்கிய வேலை, அவருடைய மகன் சுல்தான் மூன்றாம் முஹம்மத் 1603இல் மரணித்ததும் நின்றுபோனது. அரை நூற்றாண்டுக்கு மேல் பாழடைந்து கிடந்ததை, இன்னொரு சுல்தானின் தாயாரான துர்ஹான் ஹதீஜா சுல்தான் கையிலெடுத்து 1665இல் நிறைவேற்றினார்.

அவர் கட்டிடத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அதனருகே ஒரு சந்தையையும் அமைத்து, அதன் கடை வாடகை பள்ளிவாசலின் பராமரிப்புக்குச் சேரும்படி வக்பு செய்தார். இன்று ஏலக்காய், கறுவா, குங்குமப்பூ மணக்கும் மிஸ்ர் சந்தை அதுதான். நம்மூர்ப் பள்ளிவாசல்களின் கடைகளைப் பார்க்கும்போது, ஒரு தாயின் தூரநோக்கை இனி நினைத்துக்கொள்வேன். கறுவாவை முகர்ந்த உம்மா, "இது எங்கட கறுவாவா இருக்குமோ?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அங்கிருந்து படகேறினோம். சுமார் இருபது நிமிடங்களில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு! மறுகரை உஸ்குதாரில், இறங்குதுறைக்கு எதிரே 1548இல் முடிக்கப்பட்ட மிஹ்ரிமாஹ் சுல்தான் பள்ளிவாசல். சுல்தான் ஸுலைமானின் மகள் கட்டுவித்தது. கட்டிடக் கலைஞர் மிஃமார் ஸினான். அங்கே லுஹரைத் தொழுதோம். பின்னர் கரையோரத்தில், எள்ளுத் தூவிய வளைய ரொட்டியும், இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீரும். பாலில்லாத தேநீர், நம்மூர் பிளேன்டீயேதான். ஒரு பூனை வந்து உம்மாவின் மடியருகே படுத்துக்கொண்டது. அவ்வளவுதான் அன்றைய நாள். மூன்று இடங்கள், ஒரு படகு. ஆனால் ஊர் வந்த பின்னர் உம்மா அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

நீங்கள் போவதானால்

விமானச் சீட்டு வாங்குமுன் விசா விதிகளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோப்காபி அரண்மனை செவ்வாயிலும், மூடிய பெரிய சந்தை ஞாயிறிலும் பூட்டியிருக்கும். உங்கள் நாட்கள் எவை என்று முதலில் பாருங்கள்.

அயா சோபியாவில் 2024 முதல், சுற்றிப்பார்க்க வரும் வெளிநாட்டவர் நுழைவுச்சீட்டுப் பெற்று மேல்மாடத்துக்கே செல்லவேண்டும். தொழ வருவோருக்குக் கீழ்த்தளம், கட்டணமில்லை.

ஒரு நாளுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுல்தான் அஹ்மத், அயா சோபியா, தோப்காபி மூன்றும் நடை தூரத்தில் உள்ளன. எமினோனுவும் உஸ்குதாரும் இன்னொரு நாளுக்குரியவை. ட்ராம் வண்டிக்கும் படகுக்கும் ஒரே பயண அட்டையைப் பயன்படுத்தலாம்.

வுழூவுடனேயே புறப்படுங்கள். பாதணி வைக்க ஒரு பையும், மெல்லிய தொழுகை விரிப்பும் கைவசம் இருக்கட்டும். பெண்களின் பகுதி பெரும்பாலும் பின்புறமோ மேல்மாடியோ ஆகும். மாடிப்படி ஏறமுடியாத தாயார் கூட வந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த நாம், இரண்டு நாள் தங்கும் பிரயாணிகளாக இருப்பதால் கஸ்ர், ஜம்உ செய்யலாம். லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஆனால் ஊரிலுள்ள இமாமைப் பின்பற்றித் தொழுதால் நான்கு ரக்அத்தையும் பூரணமாகத் தொழவேண்டும். அங்கு பெரும்பாலோர் ஹனபிகள். ஸுப்ஹில் குனூத் இல்லையே என்று திகைக்கவேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத் திட்டத்தை ஆண்கள் தனியாக எழுதவேண்டாம். வீட்டில் மூத்தவரிடம், "உங்களுக்கு எந்த இடத்தைப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். அதனை முதலாவதாக எழுதுங்கள். சகோதரிகளே, உங்களிடம் யாரும் கேட்காவிட்டால் நீங்களாகவே சொல்லுங்கள். மற்ற இடங்கள் இன்னும் பல நூற்றாண்டுகள் அங்கேயே இருக்கும், இன்ஷா அல்லாஹ். உங்கள் உம்மாவின் கால்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

நான் பார்க்காமல் விட்ட இடங்களில் ஒன்று ஸுலைமானிய்யா. அதன் ஓரத்தில் அதைக் கட்டிய ஸினானின் சிறிய கப்ர் இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது, "நேரில் பார்த்தீர்களா ஹஸ்ரத்?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். ஏன் என்று கேட்டால், உம்மா உட்கார்ந்த அந்தக் கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

அல்லாஹ் உங்கள் பயணங்களை லேசாக்கி வைப்பானாக! ஆமீன்.