பதினாறாம் நாளாச்சும்

அப்பத்தாவின் தம்பி இறந்தபோது அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. "இப்ப சொன்னா தாங்காது" என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த என்னிடம் அவள் கேட்டாள்: "எந்தம்பி ஏன்டா இன்னும் எட்டிப் பாக்கல?"

"ஊர்ல அறுப்பு நடக்குது அப்பத்தா. முடிஞ்சதும் வருவாக."

அப்போது கல்லூரியில் அறவியல் படித்துக்கொண்டிருந்தேன். கொலைகாரன் வாசலில் நின்று 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதியவர் இம்மானுவேல் கான்ட். பயன்வாதிகளோ விளைவைக் கணக்குப் போடச் சொல்வார்கள். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது 292ஆம் குறள். நான் வள்ளுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். 'குற்றமில்லாத' என்ற நிபந்தனையை மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டேன்.

ரெண்டு மாசம் கழித்துத்தான் சொன்னோம். அவள் சத்தம் போடவில்லை. "பதினாறாம் நாளாச்சும் சொல்லிருக்கலாம்லடா. ஒரு பாட்டம் அழுதிருப்பேன்ல" என்றாள்.

அவள் சொன்னபிறகுதான் உறைத்தது. முதல் சில நாள் பொய் அவள் உடம்புக்காக. அவள் வீடு திரும்பிய பிறகும் நீண்ட பொய், அவள் அழுகையைப் பார்க்கத் துணிவில்லாத எங்களுக்காக. விளைவைக் கணக்குப் போட்டவர்கள் நாங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதும் "அத்தை நல்லாருக்காளா?" என்று கேட்பாள். நல்லா இருக்காங்க என்று உண்மையைத்தான் சொல்வேன். ஆனாலும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.