புழுமூஞ்சிகளுக்கு யார் வக்கீல்?

சோப்பு விளம்பரப் போட்டியில் ஆரம்பிக்கிற நாவல், நட்சத்திரங்களுக்கு அப்பால் ஒரு நியாயஸ்தலத்தில் போய் நிற்கிறது என்றால் நேயர்கள் சிரிப்பார்கள். ராபர்ட் ஹைன்லைன் 1958-இல் வெளியிட்ட 'ஹேவ் ஸ்பேஸ் சூட், வில் டிராவல்' அப்படிப்பட்ட கதைதான். பள்ளிக்கூடம் முடிக்கிற வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதியது. அதற்காகப் பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

கதாநாயகன் கிப், அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர் மருந்துக் கடையில் சோடா கலந்து கொடுக்கிறவன். போட்டியின் முதல் பரிசு சந்திரனுக்குப் பயணம். அவனுக்குக் கிடைத்ததோ, யாரோ உபயோகித்துக் கழித்த ஒரு விண்வெளி உடுப்பு. திருப்பிக் கொடுத்தால் 500 டாலர். காலேஜ் செலவுக்கு ஆகும். பையன் அதற்கு ஆஸ்கர் என்று பெயர் வைத்து, வேலை மெனக்கெட்டு ரிப்பேர் பார்க்கிறான். பிராணவாயு, காற்றழுத்தம், ரேடியோ என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஆசிரியர் கடற்படைக் கல்லூரியில் படித்தவர். யுத்த காலத்தில் பிலடெல்பியாவில் கடற்படைக்காக எஞ்சினீயர் வேலை பார்த்தவர். இந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்காதீர்கள். திருகாணியை நம்பவைத்தால்தானே பறக்கும் கப்பலை நம்பவைக்க முடியும்!

கப்பலும் வருகிறது. அதில் பீவீ என்ற பதினொரு வயதுச் சிறுமி. கூடவே வேகா நட்சத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்த ஓர் உயிர். பட்டுப்போன்ற ரோமமும் பெரிய கண்களும் கொண்ட அதற்குப் பீவீ வைத்த பெயரை 'அம்மா ஜந்து' என்று சொல்லலாம். அது பேசுவதில்லை, பாடுகிறது. புத்தகத்தில் அதன் பேச்சைச் சங்கீதக் குறிகளாகவே அச்சிட்டிருக்கிறார்கள். உத்தியோகம் என்னவோ போலீஸ்!

இவர்களைப் பிடித்துப் போகிறவர்கள் புழுமூஞ்சிகள். பார்க்கச் சகிக்காதவர்கள், மனிதரைத் தின்கிறவர்கள் என்றும் ஜாடையாகத் தெரிகிறது. அவர்கள்மேல் நமக்குத் துளி இரக்கமும் வரக்கூடாது என்று ஆசிரியர் ஜாக்கிரதையாக இருக்கிறார். புளூட்டோவின் குளிரில் உறைந்து கிடக்கும் அம்மா ஜந்துவைக் கிப் தூக்கி வருகிறான். உதவி கேட்கும் கருவியை இயக்க மறுபடி வெளியே போய், தானும் உறைந்து, சாகிற நிலையில் திரும்புகிறான். 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் என்ற ஆளில்லா விண்கலம் அந்தக் கிரகத்தை நெருங்கிப் படம் எடுத்தது. நாம் கிரகம் என்று பழகிவிட்டோம்; 2006-லேயே அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். படங்களில் பனிச் சமவெளியும் மலைகளும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகும் இந்த அத்தியாயத்தைப் படித்தால் குளிர்கிறது.

பிறகு வழக்கு. சிறிய மெகல்லன் மேகம் என்கிறார்களே, சுமார் 2 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரக் கூட்டம், அங்கே நடக்கிறது. புழுமூஞ்சிகளின் உலகத்தைச் சூரியனில்லாமல் தனியே தள்ளிவிடும்படி தீர்ப்பு. அவர்கள் ஜாதி முழுவதுக்கும் அதுதான் கதி. படிக்கிற நாம் 'நன்றாக வேண்டும்' என்கிறோம். உடனே அடுத்த வழக்கைக் கூப்பிடுகிறார்கள். பிரதிவாதி, மனிதகுலம்!

சாட்சி சொல்ல வந்த ரோமாபுரிச் சிப்பாய் மீசையை முறுக்காத குறையாகச் சண்டைக்கு நிற்கிறான். கிப்பும் கோபத்தில் கோர்ட்டையே மிரட்டுகிறான். புழுமூஞ்சிகள் காட்டிய அதே திமிர்தான் இது. நமக்கு மட்டும் ஏன் அவகாசம் கொடுத்தார்கள்? இவர்கள் இன்னும் குழந்தைகள் என்று வாதாட அம்மா ஜந்து இருந்தது. நம்மில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அது நேரில் அறிந்திருந்தது. புழுமூஞ்சிகளின் வீட்டுக் குழந்தைகளை அந்த நியாயஸ்தலத்தில் அறிந்தவர் யார்? ஆசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்த கை அவருடையதுதான். வெறும் சாகசக் கதை எழுதுகிறவர் முதல் வழக்கோடு மணி அடித்திருப்பார்.

கிப் ஊர் திரும்பி, மறுபடி மருந்துக் கடையில் நிற்கிறான். எப்போதும் கேலி செய்யும் சண்டியர் வருகிறான். கிப் சாக்லேட் பாலை அவன் முகத்தில் விட்டெறிகிறான். பிள்ளைகள் கைதட்டுகிற இடம்; நானும் ரசித்தேன். வாய்தா வாங்கிய வழக்கு இன்னும் முடியவில்லையே என்றுதான் கொஞ்சம் பயமாயிருந்தது.