டிவிக்குப் பின்னால் ஒரு குச்சி

"நான் ஒன்னும் பண்ணலடா. ரிமோட்டக்கூட மெதுவாத்தான் அழுத்துனேன்" என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. யூடியூப் திறக்கவில்லையாம். என் முதல் வேலையில் தவணைக்கு வாங்கிப்போட்ட டிவி. "கண்டத அமுக்கியிருப்ப" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பெருமுக்கல் போய் உட்கார்ந்து பார்த்தால், திரையில் ஒரு கீறல் இல்லை. கேபிள் சேனல் பளிச்சென்று தெரிகிறது. யூடியூபைத் தொட்டால் மட்டும் கறுப்பு. உள்ளே இடம் நிறைந்திருந்தது, கம்பெனி அப்டேட் அனுப்புவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. அம்மாமேல் தப்பே இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2015-இல் பழைய ஸ்மார்ட் டிவிகள் பலவற்றில் யூடியூப் நின்றது. 2019 கடைசியில் சில பழைய மாடல்களில் நெட்ஃப்ளிக்ஸ் நின்றது. கண்ணாடியும் விளக்கும் நன்றாக இருக்கும்போதே உள்ளிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் கிழவனாகிவிடுகிறது. 2006 தேர்தலில் கலைஞர் சொல்லிக் கொடுத்த குண்டு டிவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு மூளையே இல்லை. செட்டாப் பாக்ஸ் கெட்டால் பாக்ஸை மாற்றினோம், டிவி பாட்டுக்கு இருந்தது.

அதே வேலையைத்தான் செய்தேன். திண்டிவனத்தில் ஒரு ஃபயர் ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐ துளையில் செருகினேன். (இவற்றைச் சென்னையிலேயே தயாரிக்கப்போவதாக அமேசான் 2021-இல் அறிவித்திருந்தது.) டிவியின் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் கொடுத்தேன், அது அணைந்து அணைந்து எரிந்தது. கூட வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டியதும் சரியானது. டிவி போட்டதும் நேராக எச்டிஎம்ஐக்கே போகும்படி செட்டிங்கை மாற்றி, டிவியின் வைஃபையையும் துண்டித்தேன். ஜனங்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லாமலே சேகரித்ததற்காக விஸியோ என்ற டிவி கம்பெனி 2017-இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. ஸ்டிக் மட்டும் யோக்கியம் என்று சொல்லமாட்டேன், முகப்பிலேயே விளம்பரம் ஓடுகிறது. ஆனால் அது சொதப்பினால் டிவியைத் தூக்கிப்போட வேண்டாம்.

"என்னம்மா போடட்டும்?" என்றேன்.

கொஞ்சம் தயங்கி, ஒரு தெருக்கூத்தின் பேரைச் சொன்னாள். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் செல்போனில் எடுத்து ஏற்றியது, அப்பா கடைசியாகக் கட்டிய துரியோதனன் வேஷம். மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், அந்த நாட்களில் தினமும் அதைத்தான் பார்ப்பாளாம். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பார்க்க வேறு வழியில்லை. யூடியூப் வரலை என்று அவள் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

படம் வந்தது. அப்பா குரலில் கொஞ்சம் கரகரப்பு.

"இந்தக் குச்சி பூடுச்சின்னா?"

"வேற குச்சி மாத்திக்கலாம்மா."

அவள் பழைய ரிமோட்டையும் துடைத்து, பிளாஸ்டிக் கவரோடு மாடத்தில் வைத்தாள்.