பழந்துணி

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ்வத்தல் ஊற்றலாம் என்று முதல்நாளே ஏற்பாடெல்லாம் செய்துவிட்டேன். பச்சரிசியை ஊறவைத்து, மைய அரைத்து, ஓர் இரவு புளிக்கவிட்டேன். ஜவ்வரிசி தனியாக ஊறிக்கொண்டிருந்தது. விடிகாலை நான்கரைக்கு எழுந்து கூழும் காய்ச்சி இறக்கியாயிற்று. மாடியில் விரிக்கத் துணி எடுக்கப் போனபோதுதான், வீட்டில் பழைய துணி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தது.

மூன்று அலமாரி நிறையத் துணி இருக்கிறது. என் புடவைகளில் பட்டு கொஞ்சம், மீதி பெரும்பாலும் கசங்காத செயற்கை நூல். படுக்கை விரிப்பும் கலப்பு நூல்தான். கல்யாண வீடுகளில் வைத்துக் கொடுத்த பருத்தி வேட்டி இரண்டு இருந்தன. மடிப்புக் கலையாமல், கஞ்சி விறைப்போடு, அட்டைபோல. அதில் கூழை ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் தாளை விரித்து ஊற்றினேன். மேல்பக்கம் மளமளவென்று காய்ந்தது. அடிப்பக்கம் மூன்று நாளாகியும் பிசுபிசுத்தது. நான்காம் நாள் பாதிக்குமேல் பூசணம் பூத்துவிட்டது. அத்தனையையும் கொட்டும்போது எனக்கு அப்பத்தாவின் பரண் ஞாபகம் வந்தது.

அப்பத்தா வீடு சின்னாளப்பட்டிப் பக்கம். தறியும் சாயமும் உள்ள ஊர். வீட்டுப் பரணில் மூன்று மூட்டைகள் எப்போதும் இருக்கும். ஒன்றில் அகலத் துணி, ஒன்றில் முழத் துணி, ஒன்றில் கந்தல். எந்த வேலைக்கு எந்த மூட்டையை அவிழ்ப்பது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பத்தா கட்டியது முழுக்கச் சுங்குடிதான். துணியில் சின்னச் சின்னதாக நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக வெள்ளை விழும். மதுரைச் சௌராஷ்டிரர்கள் கைவழியாக வந்த வேலை அது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பத்தா இல்லை. இருந்திருந்தால், சேலையின் புதுசைவிட அதன் பழசைப் பற்றித்தான் பேசியிருப்பார்.

ஒரு சேலை அவரிடம் பத்துப் பதினைந்து வருஷம் வாழும். முதலில் கோயிலுக்கும் விசேஷத்துக்கும். பிறகு சந்தைக்கு. அப்புறம் வீட்டுக் கட்டு. சேலையில் முதலில் நைவது இடுப்பில் கொசுவம் சொருகும் இடமும் உட்காரும் இடமும்தான். முந்தி கடைசிவரை திடமாக இருக்கும். கட்ட முடியாத நிலை வந்ததும் அதைத் தரையில் விரித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். கத்தரி எடுக்கவே மாட்டார். ஓரத்தில் பல்லால் ஒரு கடி, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. பருத்தியைக் கிழித்தால் நூல் பிடித்து நேராகப் போகும். கத்தரியால் வெட்டினால் கோணும், பிசிறும்.

முதலில் இரண்டு கரைகளையும் கிழித்து எடுத்துவிடுவார். கரையில் நூல் நெருக்கமாக இருப்பதால் அது கயிறு மாதிரி. ஐந்தரை மீட்டர் சேலையில் இரண்டு கரை என்றால் பதினொரு மீட்டர் கயிறு. பாய் கட்ட, மூட்டை கட்ட, பானைக்கு வேடு கட்ட அதுதான். நடுப்பாகம் அகலத் துணி மூட்டைக்குப் போகும். முந்தி, குழந்தை பிறக்கும் வீட்டுக்கு என்று தனியாக மடித்து வைக்கப்படும். நைந்தது கந்தல் மூட்டைக்கு.

அகலத் துணி மூட்டை அவிழ்வது மாசி, பங்குனியில். அப்பத்தாவின் கூழ்வத்தல் கணக்கு, ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதிக்கும்போது ஊறிய ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி போலானதும் மாவைக் கரைத்து ஊற்றி, கைவிடாமல் கிண்ட வேண்டும். பச்சைமிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம். உப்பு மட்டும் கவனம்: கூழை நாக்கில் வைத்தால் உப்பு கம்மி என்று தோன்ற வேண்டும். தண்ணீர் வற்றிச் சுருங்கும்போது உப்பு அப்படியே தங்கும். கூழில் சரியாக இருந்தால் வத்தலில் கரிக்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்து ஆறிய பிறகு. பதம் பார்ப்பது எப்படி என்று கேட்டால், “கைய நனைச்சுக்கிட்டுத் தொட்டுப் பாரு தாயி, ஒட்டாம வந்தா எறக்கு” என்பார்.

வெயில் ஏறுமுன் கயிற்றுக் கட்டிலை மாடிக்குத் தூக்கிப்போய், துணியை நனைத்துப் பிழிந்து அதன்மேல் விரித்து, கரண்டி கரண்டியாக ஊற்றுவோம். கட்டிலின் கயிற்று இடுக்கில் கீழிருந்து காற்று வரும். துணி கூழின் ஈரத்தை உறிஞ்சி அடிப்பக்கமாகவும் விடும். மேலும் கீழும் ஒரே வேகத்தில் காய்வதால் வத்தல் கோணாது, உள்ளே பச்சையாகத் தங்காது. பிளாஸ்டிக் தாளில் ஈரத்துக்குப் போக ஒரே வழிதான், மேலே. என்னுடையது பூசணம் பூத்தது அதனால்தான்.

சாயங்காலம் நடப்பதைத்தான் சின்ன வயதில் நான் காத்திருந்து பார்ப்பேன். வத்தல் துணியோடு ஒட்டிக்கொண்டு இறுகியிருக்கும். பிய்த்தால் உடையும். அப்பத்தா துணியைக் குப்புறத் திருப்பிப் போட்டு, முதுகுப்பக்கம் தண்ணீர் தெளிப்பார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் விடுவார். பிறகு துணியை லேசாக இழுத்தால் வத்தல் ஒவ்வொன்றாக, முழுசாகக் கழன்று விழும். அடிப்பக்கத்தில் துணியின் நெசவு மெல்லிய கோடு கோடாகப் பதிந்திருக்கும். அதற்குப்பிறகு முறத்தில் இரண்டு நாள் வெயில். கல்லைத் தட்டுவதுபோலக் கணகணவென்று சத்தம் வந்தால் தகர டப்பாவுக்குப் போகலாம்.

துணியில் இட்லி ஊற்றுகிற வீடுகளிலும் இதே வித்தைதான். தட்டை அப்படியே கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தால் இட்லி பூப்போல வந்துவிடும். எண்ணெய் தடவிய தட்டில் வெந்த இட்லிக்கு அந்தத் தோல் அமையாது என்பது என் தீர்மானம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த இரண்டுக்கும் புதுத்துணி ஆகாது. நெசவுக்காகப் பாவு நூலில் போட்ட கஞ்சி அதில் இருக்கும். நூல் நெருங்கிக் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் உடனே உள்ளே இறங்காது. சாயத் துணியாக இருந்தால் சாயமும் இறங்கும். நூறு தடவை துவைத்து, உதறி, வெயிலில் காய்ந்து, விட வேண்டிய சாயத்தை எல்லாம் விட்டு, நூலுக்கு நூல் இடைவெளி விழுந்த துணியில்தான் தண்ணீர் தெளித்த மாத்திரத்தில் ஊறும். இந்த நிலைக்குத் துணியைக் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு. யாராவது அதை உடுத்தியிருக்க வேண்டும்.

முழத் துணி மூட்டை தினமும் அவிழும். ஊறிய பச்சைப்பயறை ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப்பார்க்கும். கோதுமை அல்வாவுக்குப் பால் பிழிய, விளக்கெண்ணெய் காய்ச்சி வடிகட்ட, கல்லுப்பை வாணலியில் சுடவைத்து மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான். பானையில் தண்ணீர் கொதிக்க, வாயில் வேடு கட்டி, அதன்மேல் இடியாப்பம் அவிப்பார். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கும்போதும் வேடு. மூடி போட்டால் வேர்த்து உள்ளே சொட்டும், அந்தச் சொட்டில்தான் ஊறுகாய் கெடுகிறது. துணி என்றால் ஆவி வெளியே போகும், தூசியும் ஈயும் உள்ளே போகாது. அடுப்படியில் கரித்துணி எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும் என்பது இன்னொரு கண்டிப்பு. ஈரத்துணியால் சுடுபாத்திரத்தைப் பிடித்தால் ஈரம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும். என் இடது பெருவிரலில் அதற்கான தழும்பு இருக்கிறது.

பிறந்த குழந்தைக்கு முதல் துணி பழசாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் நிறைய வயது வாழ்ந்தவர்கள் உடுத்தியதாக. வயது ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அந்தத் தோலுக்கு அதைவிட மெத்தென்று வேறெதுவும் இல்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிற காரணம். என் மகள் பிறந்தபோது அப்பத்தாவின் அரக்குச் சுங்குடி முந்தியை நான்காக மடித்து அதில்தான் வாங்கினோம். தொட்டில் கட்டியதும் அவர் சேலைதான். கட்டுமுன் அதை இரண்டாக மடித்து, வளையத்தில் முடிந்து, தானே இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார்.

பழந்துணிக்கு வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. மாதவிலக்குக்கும் பரண் மூட்டையிலிருந்துதான் எடுத்துக்கொள்வோம். துணியில் குற்றமில்லை, நன்றாக உறிஞ்சும், தோலை அறுக்காது. அதைத் துவைத்துக் காயப்போட எங்களுக்கு வெயில் கொடுக்கப்படவில்லை. கொல்லைப்புறத்து இருட்டில், வேறொரு துணிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த துணியை மறுபடி எடுத்து, அரிப்பும் புண்ணுமாக அவதிப்பட்ட பெண்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். வத்தலுக்கு மூன்று நாள் வெயில் வேண்டும் என்று அத்தனை துல்லியமாகத் தெரிந்த வீட்டில், பெண்ணின் துணிக்கு ஒரு மணி நேர வெயில் மறுக்கப்பட்டது. அப்பத்தா சொன்னதை எல்லாம் நான் ஏற்கிறேன், இதை ஏற்க மாட்டேன். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998இல் தன் மனைவி பழந்துணியை மறைத்து எடுத்துப்போவதைப் பார்த்துத்தான் மலிவு விலை நாப்கின் இயந்திரம் செய்ய இறங்கினார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மனைவி மறைத்ததைத்தான் எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் மறைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா காலத்தில் நைலக்ஸ் வந்தது, டெரிகாட்டன் வந்தது. துவைக்க லேசு, உடனே காயும், இஸ்திரி வேண்டாம். வேலைக்குப் போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நானே அனுபவித்தவள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் துணிக்குப் பழசு என்ற பருவம் இல்லை. நூல் இழுத்துக்கொள்ளும், மங்கும், அவ்வளவுதான். தண்ணீரைக் குடிக்காது. அடுப்பருகே போனால் உருகித் தோலில் ஒட்டும். அதனால் பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருவில் குரல் கேட்டதும் அம்மா எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒருமுறை பரண் மூட்டையிலிருந்தும் ஐந்தாறு சேலை சேர்ந்து போய்விட்டது. ஓர் எவர்சில்வர் தூக்கு வந்தது. அப்பத்தா தூக்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நல்லாத்தான் இருக்கு. வத்தலுக்கு என்னத்த விரிப்ப?” என்று மட்டும் கேட்டார். அந்த வருஷம் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினோம்.

கொட்டிய வத்தலோடு இதையும் நினைத்துக்கொண்டே அன்று மாலை அலமாரியைக் குடைந்தேன். எது பருத்தி, எது கலப்பு என்று பார்த்தால் தெரியவில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, எரியும் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கிற சாம்பலாகும். செயற்கை நூல் சுருண்டு, கரிய மணியாக இறுகும். பருத்தி என்று சொல்லி வாங்கிய மூன்று சேலைகளில் இரண்டு மணியாகத்தான் இறுகின. மிஞ்சியது ஒரு சேலையும் அந்த இரண்டு கல்யாண வேட்டிகளும்.

வேட்டிகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் கொஞ்சம் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். கலங்கலாகக் கஞ்சி இறங்கியது. இரண்டு தண்ணீர் மாற்றி அலசினேன். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் விறைப்புப் போயிருந்ததே தவிர, பழசின் அந்தக் குழைவு வரவில்லை. அதற்குக் குறுக்குவழி இல்லை. என் கணவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, “வீட்ல இருக்கும்போது லுங்கிய விட்டுட்டு இதக் கட்டுங்க. இதுதான் நமக்கு வத்தல் துணி” என்றேன். ஏன் என்று கேட்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவரும் மாடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் குச்சியோடு காக்கை விரட்டி வளர்ந்தவர்தான்.

ஆடி, ஆவணி, புரட்டாசி போய்விட்டன. மாற்றி மாற்றித் துவைத்துக் கொடியில் போடுகிறேன். ஒன்றின் ஓரத்தில் காப்பிக் கறை, இன்னொன்றின் மடிப்பில் ஒரு சின்னக் கிழிசல். நேற்று அதை எடுக்கும்போது வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நூலுக்கு நூல் லேசாக வெளிச்சம் வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு கை தண்ணீர் தெளித்தேன். இரண்டு நொடி முத்தாக நின்று, பிறகு இறங்கியது. மாசிக்குள் ஆகிவிடும் என்று நினைக்கிறேன்.