கோடு எங்கடா?

சின்னமனூர் பக்கம் எங்க ஊர்ப் பொங்கல் கபடி. ஃபைனல், கடைசி ரெய்டு. பாடிப் போனது பெரியப்பா மகன். நாலு பேர் மேல விழுந்து அமுக்க, அத்தனை பேரையும் இழுத்துக்கிட்டே வந்து நடுக்கோட்டுக்குக் கையை நீட்டினார். 'தொட்டாச்சு'ன்னு எங்க டீம். 'தொடலை'ன்னு நடுவர். தோத்துட்டோம்.

"தம்பி வீடியோ எடுத்தான்ல, போடச் சொல்லுங்கப்பா!"

மொத்தக் கூட்டமும் என் போனைச் சுத்தி நின்னுச்சு. போட்டேன். அண்ணன் முகம், வேர்வை, கடிச்ச பல்லு. ஸ்லோமோஷன் வேற! சும்மா சொல்லக்கூடாது, அசத்தலாத்தான் இருந்துச்சு. அண்ணே பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "கோடு எங்கடா?"

என்ன பண்றது பாஸ், 'கில்லி'யும் (2004) 'வெண்ணிலா கபடிக்குழு'வும் (2009) டி.வி.யில போடுறப்பல்லாம் பார்த்து வளர்ந்த கண்ணு. புழுதி பறக்கணும், முகம் ஃபிரேமை அடைக்கணும். சினிமாவுல யார் ஜெயிக்கணும்னு டைரக்டர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டார், கோட்டைக் காட்டாட்டியும் நஷ்டமில்லை. எங்க மேட்ச்ல அப்படி யாரும் எழுதி வைக்கலையே.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம பழைய விளையாட்டுப் படங்களைத் தேடினப்ப சிக்கினது 1897-ல எடுத்த ஒரு குத்துச்சண்டைப் படம். மார்ச் 17, அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து கார்சன் சிட்டி. கார்பெட்டுக்கும் ஃபிட்ஸிம்மன்ஸுக்கும் மோதல். எடுத்தவர் ஈனோக் ரெக்டர். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமை விட்டுட்டு 63 மி.மீ. அகல ஃபிலிம், பக்கத்துல பக்கத்துல மூணு கேமரா. நம்ம டிபார்ட்மென்ட் மூளை பாருங்க! குளோசப் கிடையாது, கேமரா அசையாது. ஆளுங்க பொம்மை சைஸ்லதான் தெரியறாங்க, ஆனா மேடை மொத்தமும் கண்ணு முன்னால. 14-வது ரவுண்டுல கார்பெட் சாய்ஞ்சார். ஃபிட்ஸிம்மன்ஸ் அடிச்சது ஃபவுலா இல்லையான்னு சர்ச்சை. ஜனங்க படத்தைப் பார்த்துத் தாங்களே நடுவரானாங்க. அந்த நீளப் படத்துல இன்னிக்கு மிச்சமிருக்கறது துண்டுகள்தான்.

இந்தப் பொங்கலுக்குப் போனைத் தண்ணித்தொட்டி மேல கட்டி வச்சேன். ரெண்டு பக்கக் கோடும் நடுக்கோடும் பளிச்னு விழுந்துச்சு. எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வீடியோ, எவனும் முழுசாப் பார்க்கலை. அண்ணே ஆடலை. திருப்பூர்ல வேலைக்குப் போயிட்டார், லீவு கிடைக்கலையாம்.

வீடியோவை அவருக்கு அனுப்பினேன். "கோடு தெரியுது"ன்னு மட்டும் பதில் வந்துச்சு. அப்பத்தான் அவர் டி.பி.யைக் கவனிச்சேன். போன வருஷம் நான் எடுத்த அதே முகம், கடிச்ச பல்லோட.