ஒருபக்கத் தாள்

வீட்டை ஒதுங்க வெச்சப்போ ஒருபக்கம் மட்டும் அச்சான தாள் ஒரு கட்டு கிடைச்சுது.
பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்னு கயிறு கட்டிட்டேன்.

பகத் பூரன் சிங் ஞாபகத்துக்கு வந்துட்டார்.

1934. லாகூர் குருத்வாரா வாசல்ல யாரோ விட்டுட்டுப் போன குழந்தை. நடக்க முடியாது, பேச்சு வராது.
அவனை 14 வருஷம் முதுகுலயே சுமந்தார்.
1947ல அகதியா அமிர்தசரஸ் வந்தப்பவும் அவன் அவர்கூடத்தான்.
அங்கதான் நாதியில்லாதவங்களுக்காக பிங்கல்வாராங்கிற இல்லத்தைத் தொடங்கினார்.

இதைப் பலரும் சொல்வாங்க. அவரோட எழுத்தைத்தான் அவ்வளவாப் பேசுறதில்லை.
காடழிப்பு, மண் அரிப்புன்னு அந்தக் காலத்துலயே எழுதினார். ஏற்கெனவே ஒருபக்கம் பயன்படுத்தின தாள்லயே அச்சடிச்சு, பொற்கோவிலுக்கு வர்றவங்களுக்கு இலவசமாக் கொடுத்தார்.
புத்தகம் விக்கணும்னு இல்லை, படிக்கணும். எனக்கு எழுத்தாளர்னா இவர்தான்.

பத்மஸ்ரீ விருது கிடைச்சுது. 1984ல பொற்கோவிலுக்குள்ள ராணுவம் போனதும் அதைத் திருப்பிக் கொடுத்துட்டார்.
1992ல காலமானார். பிங்கல்வாரா இன்னிக்கும் நடக்குது.

கயித்தை அவுத்துட்டேன். கட்டு இப்போ என் மேசை மேல.

உங்க வீட்டுலயும் இருக்கும். எடைக்குப் போடாதீங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்காவது எழுதக் கொடுங்க.