கேமராவை எடுக்கத் திரும்பி வந்தவர்

டிக் ப்ரொனெகி பனியில் நடந்து போகிறார். முதுகில் மூட்டை. நடக்க நடக்க உருவம் சிறுத்து, மலையடிவாரத்தில் ஒரு புள்ளியாகிவிடுகிறார். அலாஸ்காவில் இரட்டை ஏரிக் கரையில் மரக்குடிசை கட்டி முப்பது வருடங்கள் தனியாக வாழ்ந்தவர் அவர். 2004ல் வெளிவந்த அவருடைய ஆவணப்படத்தைப் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்குமாம். எனக்கு வேறு கவலை. இந்தக் கேமராவை யார் எடுத்துக்கொண்டு போவது?

அவரேதான். முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஓடவிட்டு, அதன் முன்னால் நடந்து, போதும் என்று தோன்றுகிற தூரம்வரை போக வேண்டும். பிறகு திரும்பி வந்து, கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மறுபடி அதே வழியில் போக வேண்டும். ஆக, படத்தில் நாம் பார்ப்பது ஒரு நடை. அவர் நடந்தது மூன்று. அதிலும் பனி பொல்லாதது. காலடி பதிந்துவிட்டால், சரியாக வரவில்லையே என்று அதே இடத்தில் இன்னொரு தடவை எடுக்க முடியாது. திரும்பி வருகிற நடைதான் எனக்குப் பிடித்தது. அதைப் படத்தில் காட்டவில்லை. ஆளே இல்லாத காட்டில், தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே கண்ணை நோக்கி அவர் நடந்து வந்திருப்பார். என்ன யோசித்திருப்பார்? ‘நடை கொஞ்சம் வேகமாகப் போய்விட்டதோ’ என்றா?

இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், அவரை நடிகர் என்று சொல்லிவிட்டேனாம். அப்படியெல்லாம் இல்லை. அந்த மனிதர் வேலைக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் தச்சர், பிறகு டீசல் மெக்கானிக். 1967 கோடையில் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டு, மறு வருடம் வந்து குடிசையைக் கட்டினார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கருவிகளைப் பிடி இல்லாமல் கொண்டுபோய், பிடிகளை அங்கேயே செதுக்கிப் போட்டுக்கொண்டார். கதவின் கீல்கள் மரம், கூரைமேல் பாசி. பெட்ரோல் தகர டின்களை வெட்டிப் பாத்திரங்கள் செய்துகொண்டார். டால்டா டின்னில் துளசி வளர்த்த வீட்டில் பிறந்த எனக்கு, அந்த டின்களைப் பார்த்ததும் இவர் நம்மவர் என்று தோன்றிவிட்டது.

ஆனால் தனியாக வாழ்கிறவனுக்கும் ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. இது அமெரிக்கச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. 1862ல் லிங்கன் காலத்தில் வந்த குடியிருப்பு நிலச் சட்டப்படி தகுதியுள்ளவர்கள் 160 ஏக்கர்வரை கேட்க முடிந்தது. ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்ய வேண்டியிருந்தது. செய்தேன் என்று சொன்னால் மட்டும் போதவில்லை. ஆமாம் என்று சொல்ல இரண்டு சாட்சிகள் வேண்டியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லாகக் கிடந்த நெப்ராஸ்காவிலும் டக்கோட்டாவிலும் சாட்சிக்கு ஆள் தேடி எத்தனை மைல் குதிரையில் போயிருப்பார்களோ! பிடிக்காத பக்கத்துக் குடியானவனிடம் அந்த ஒரு நாளுக்காக ஐந்து வருடமும் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லபடியாக நடந்துகொண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

ப்ரொனெகிக்குப் பட்டா வாங்குகிற கவலை இல்லை. இருந்தாலும் கேமரா ஒரு சாட்சி, தவறாமல் எழுதிய நாட்குறிப்பு இன்னொரு சாட்சி. தபாலையும் சாமான்களையும் சிறு விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய பேப் ஆல்ஸ்வொர்த்தைச் சேர்த்தால், சட்டம் கேட்டதைவிட ஒன்று அதிகம். கடிதம் வராத தனிமையை அவர் விரும்பியதாக எனக்குத் தெரியவில்லை. பேசுகிற நேரத்தை நாமே முடிவுசெய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மைனஸ் 40 டிகிரியில் போய்க் குடியிருப்பதும் நியாயம்தான் என்பேன். கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

82 வயதில் குளிர் தாங்காமல் கலிஃபோர்னியாவில் இருந்த சகோதரர் வீட்டுக்குப் போனார். 2003ல் காலமானார். குடிசை இப்போது லேக் கிளார்க் தேசியப் பூங்காவின் பராமரிப்பில் இருக்கிறது. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிறு விமானத்தில் போய் ஏரியில் இறங்கலாம். சாலை இன்றுவரை கிடையாது.